விளக்கு வைத்த பின் கோட்டைச் சாவி

கோட்டைச் சாவி என் கையில் இருந்தது. ஒரு முழ நீளம், இரும்புச் சாயம் பூசிய மரச்சாவி. எதிரே கம்பெனிப் படைத் தளபதி நின்று கையை நீட்டினார். சிவப்புக் கோட்டின் கக்கம் வியர்வையில் கறுத்திருந்தது. ஒட்டு மீசையின் ஒரு முனை பிரிந்து காற்றில் ஆடியது.

"சாவியைக் கொடு" என்றார், வெள்ளைக்காரன் பேசுகிற பாவனையில் நாக்கைச் சுருட்டி.

அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள். என் காலடியில் செத்துக் கிடக்கிறவர்கள். அதற்கப்பால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம். முன்வரிசையில் என் கொழுந்தன் தேவராஜ், செல்போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சாவியை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிய வேண்டும். கோட்டை விழும். எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் கொடுக்கவில்லை.

சண்டை பார்க்கப் போன கதை

திருத்தணியிலிருந்து ஆந்திரா பக்கம் போகிற சாலையில், ஊர் தாண்டியதும் ஒரு மரபுக் கிராமம் வைத்திருக்கிறார்கள். ஓலை வீடுகள், மாட்டு வண்டி, பானை செய்கிற சக்கரம். வேட்டியும் தலைப்பாகையும் கட்டிய பையன்கள் கம்பங்கூழை மண் குவளையில் ஊற்றித் தருவார்கள். மலையேறிச் சாமி பார்த்துவிட்டு வருகிற சென்னைக்காரர்கள் அங்கே இறங்கி, நாங்கள் எதையெல்லாம் விட்டொழித்தோமோ அதையெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்.

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அங்கே போர் நடக்கும். சிமென்ட்டில் கட்டி மண் நிறம் அடித்த கோட்டை. உள்ளே பாளையக்காரர், வெளியே கம்பெனிப் படை. எந்தப் பாளையம், எந்த வருஷம் என்று ஒருவரைக் கேட்டேன். "எல்லா சண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்ததுங்க" என்றார். எப்படிக் கலந்தாலும் சாயங்காலம் கோட்டை விழுந்துவிடும் என்பது மட்டும் நிச்சயம்.

கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து வருகிறவர்கள். இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். உடுப்பு அவரவர் செலவில் தைத்தது. சாகிறவர்கள் மட்டும் உள்ளூர். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, செத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று வளர்ந்தவள் நான். காசு கொடுத்துப் படை பார்க்கப் போகிற ஆள் இல்லை. கூட்டிக்கொண்டு போனவன் தேவராஜ்.

"எப்பப் பாரு தறி, தறின்னுகினு இருக்கீங்க அண்ணி. ஒரு நாளு வெளிய வாங்க. மனசு லேசாயிடும்" என்றான்.

கொழுந்தன் நம் மனசை லேசாக்க வருகிறான் என்றால், எதையோ இறக்கி வைக்கச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். அவன் கேட்டது என் இடுப்பில் இருந்த இன்னொரு சாவி.

இடுப்பில் இருந்த சாவி

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தறிக் கொட்டகையைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில், கொட்டகைக் கதவைத் திறந்தால் மலை தெரிகிற இடத்தில், விசைத்தறிகள் போட்டு லுங்கி நெய்கிறோம். என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து உண்டாக்கியது. தேவராஜுக்கு அவன் பங்கு தனியாகப் போய்விட்டது. கொட்டகை என் பெயரில் இருக்கிறது.

வீட்டுக்காரர் போனது, ஊரெல்லாம் முகத்தில் துணி கட்டித் திரிந்த அந்தக் காலம் முடிந்து, அப்பாடா என்று மூச்சு விட்ட ஒரு மழைக்காலத்தில். காரியம் முடிந்த மறுநாள் வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, கொட்டகைச் சாவி எங்கே என்பது.

"நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க எதுக்கு அலைஞ்சிகினு" என்றான் தேவராஜ். நல்ல பையன்தான். குரலில் பாசம் இருந்தது. அந்தப் பாசத்தோடு கையும் நீண்டிருந்தது.

அடுத்த நாள் விடியற்காலையில் நானே போய்க் கொட்டகையைத் திறந்தேன். வேலைக்காரர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

"காலையில என் மூஞ்சில முழிச்சா ஆகாதுன்னு நெனைக்கறவங்க பத்து மணிக்கு மேல வாங்க. கூலியும் பத்து மணியில இருந்துதான்" என்றேன்.

மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சகுனமும் சம்பளத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

அன்றிலிருந்து சாவி என் இடுப்பில். தூங்கும்போது தலையணைக்கடியில்.

இப்போது தேவராஜ் ஒரு பார்ட்டியைப் பிடித்திருந்தான். மலைக்கு வருகிற பக்தர்களுக்காக லாட்ஜ் கட்டப் போகிறவர்கள். தறிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்தால், நான் பெரம்பூரில் மகள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். மகளும் போனில், "போதும்மா, எத்தினி வருஷம்தான் அந்தச் சத்தத்திலயே இருப்ப" என்றாள். திங்கட்கிழமை காலை பார்ட்டி இடம் அளக்க வருவார்கள். ஞாயிறு ராத்திரிக்குள் சாவியை தேவராஜிடம் தந்துவிட்டால், சம்மதம் என்று பொருள்.

நான் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எதிரியோடு சண்டை போடலாம். நம் நல்லதுக்கென்று வருகிறவர்களோடு எப்படிப் போடுவது? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடுவார்கள். அந்த வாரம் நான் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தேன்.

தணிந்த மலை

போர் பார்க்கப் போனது சஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை. மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரத்துக்கு ஆர்ப்பாட்டமாகத் தயாராவார்கள். எங்கள் மலையில் சூரசம்ஹாரம் கிடையாது. சண்டையெல்லாம் முடித்து, கோபம் தணிந்து சாமி வந்து உட்கார்ந்த இடம் என்பதால், அன்றைக்கு இங்கே பூவைக் கொட்டிப் பூசை செய்வார்கள்.

இதை என்னிடம் சொல்லாதவர்கள் இந்த ஊரில் இல்லை. நான் நூல்காரரோடு சத்தம் போட்டால், கரண்ட் ஆபீசில் வாக்குவாதம் செய்தால், உடனே யாராவது ஆரம்பிப்பார்கள். "தணிகையில இருந்துகினு இவ்ளோ கோவம் ஆகுமா?" என் வீட்டுக்காரரும் சொல்வார், ஆனால் சிரித்துக்கொண்டே. அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வெகுநாள் தெரியாமலே இருந்தது.

சண்டையே போடாத ஊரில் வாராவாரம் டிக்கெட் போட்டுச் சண்டை நடத்துகிறார்களே என்று கூழ் குடித்துக்கொண்டே நினைத்தேன். கூழில் உப்பு போதவில்லை.

அப்போதுதான் கையில் வாக்கி டாக்கியோடு ஒரு பெண் ஓடி வந்தாள். ரேவதி என்று சட்டையில் எழுதியிருந்தது. போரை நடத்துகிறவள் அவள்தான். கூட்டத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள்.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். எங்க கோட்டையம்மா சஷ்டி விரதம்னு மலைக்குப் போய்ட்டாங்க. பாளையக்காரர் சம்சாரம் வேஷம். டயலாக்கே கிடையாது. நீங்க பண்றீங்களா?"

"என்ன பண்ணணும்?"

"புருஷன் செத்துப்போயிடுவாரு. நீங்க வாசல்ல விளக்கு ஏத்திட்டு, கோட்டைச் சாவிய தளபதி கையில குடுத்துட்டு அழணும்."

"அழுகை வராது."

"சரி, தலையக் குனிஞ்சிக்கோங்க. போதும்."

தேவராஜுக்கு ஒரே சந்தோஷம். "போங்க அண்ணி, போங்க. மகளுக்கு வீடியோ அனுப்பலாம்" என்றான். எனக்குக் கத்தி தருவார்களா என்று கேட்டேன். ரேவதி சிரித்தாள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

நைனா கண்டுபிடித்த சந்து

இங்கே என் பிறந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைத்துவிட்டால் வீட்டுப் பொருளைக் கையால் எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. உப்பு, ஊசி, மோர், பெட்டிச் சாவி எதுவும். கொடுத்தால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள்.

அவசரத்துக்கு உப்பு வேண்டும் என்று பக்கத்து வீட்டில் வந்து நிற்பார்கள். எங்கள் நைனா, அதாவது அப்பா, அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். உப்பைத் தட்டில் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நான் குடுக்கல. நீ எடுத்துகினு போற" என்பார். லட்சுமிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்டு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு வந்தால் மாமியார் வீட்டிலும் அதே சட்டம். விளக்கேற்றியதும் மாமியார் கொத்துச் சாவியைச் சுழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வார். அதற்குமேல் யார் வந்து கேட்டாலும், "வெளக்கு வெச்சாச்சி, காலைல வா." விளக்கேற்றிய கை தானாக இடுப்புக்குப் போகிற பழக்கம் எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் போரை எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. சாயங்கால வெளிச்சத்தில் அகல் விளக்கு அழகாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருப்பார். அழகாகத்தான் இருந்தது.

கோட்டை வாசல்

போர் தொடங்கியது. பட்டாசு வெடித்தார்கள், புகை போட்டார்கள். பாளையக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வசனம் முழுவதையும் விடாமல் பேசிவிட்டுச் செத்தார். நாலு பேர் அவரை உள்ளே தூக்கிப் போனார்கள். நான் வெளியே வந்து வாசலில் வரிசையாக இருந்த அகல்களை ஏற்றினேன். நல்லெண்ணெய் வாசனை வந்தது. கை தன்பாட்டுக்குச் சாவியைக் கொண்டுபோய் இடுப்பில் சொருகப் பார்த்தது. ஒரு முழச் சாவி எங்கே சொருகுவது? கையிலேயே வைத்துக்கொண்டேன்.

தளபதி வந்தார். கையை நீட்டினார். "சாவியைக் கொடு" என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "வெளக்கு வெச்சாச்சி. இப்பக் குடுக்கக் கூடாது."

தளபதி விழித்தார். "மேடம்?" என்றார், சாதாரணத் தமிழில்.

மைக்கில் கதை சொல்கிறவர், "கோட்டையம்மா கண்ணீரோடு சாவியை ஒப்படைக்கிறாள்" என்றார். நான் ஒப்படைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஒப்படைக்கிறாள்" என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னார்.

என் காலடியில் செத்துக் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "ஆங், அந்தம்மா சொல்றது கரெக்ட்டு சார். வெளக்கு வெச்சிட்டாங்கல்ல. கைல வாங்கக் கூடாது."

பக்கத்துப் பிணம் ஆமோதித்தது. "எங்க ஊட்லயும் தர மாட்டாங்க சார்."

கூட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். சென்னைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவும் கதை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ வெச்சிடுங்கம்மா. அவரே எடுத்துக்குவாரு" என்றது பிணம்.

நைனாவின் சந்து. ஊருக்கெல்லாம் தெரிந்த சந்து. நான் குனிந்தேன். சாவி மண்ணைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

அந்த நேரம் முன்வரிசையைப் பார்த்தேன். தேவராஜ் செல்போனை மடியில் வைத்துவிட்டு எனக்குக் கை காட்டினான். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கைதான் வாய். உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு முறை அமுக்கினான். கீழே வை, கீழே வை. முகத்தில் அதே பாசம்.

எனக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. இவர்கள் யாரும் என்னிடமிருந்து பிடுங்க மாட்டார்கள். நானே கீழே வைப்பேன். அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிறகு, நாங்களா கேட்டோம், அவளாகத்தானே வைத்தாள் என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

நிமிர்ந்தேன்.

"கீழயும் வெக்க மாட்டேன்" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் கோட்டை முழுக்கக் கேட்டது.

தளபதி இரண்டடி பின்னால் போனார். நான் உள்ளே போய்க் கோட்டைக் கதவை இழுத்துச் சாத்தினேன். பிளைவுட் கதவு. காற்றுக்கு ஆடும். என்றாலும் தாழ்ப்பாள் இருந்தது, போட்டேன். வெளியே விசில் பறந்தது. உள்ளூர் ஜனம் விளையாட்டைப் புரிந்துகொண்டு கை தட்டியது. மைக் பிடித்தவர், "இன்று... கோட்டை விழவில்லை" என்றார். வேறென்ன சொல்வார், பாவம்.

கதவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்க் கேன்கள், துணி மூட்டைகள். செத்துப்போன பாளையக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். கம்பீரமான கிருதா முழுக்கத் தேங்காய்ச் சட்னி.

"இன்னாம்மா கை தட்றாங்க?" என்றார்.

"சாவி குடுக்கல."

அவர் மெல்வதை நிறுத்தினார். "அப்ப நாம ஜெயிச்சிட்டமா?"

"ஆங். ஜெயிச்சிட்டோம்."

இத்தனை வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்த மனிதர். ஒரு போண்டாவை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு அகல் விளக்கு ஞாபகம் வந்து, தட்டைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

ரேவதி வந்து சத்தம் போட்டாள். மொத்த ஸ்கிரிப்டும் போய்விட்டதாம். "அடுத்த வாரம் தோக்கறதுக்கு வேற ஆளைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, மரச்சாவியை மேசைமேல் வைத்தேன். அது அவர்களுடையது. என்னுடையது இடுப்பில் பத்திரமாக இருந்தது.

விடிந்த பிறகு

தேவராஜ்தான் காரில் என்னைத் திரும்பக் கூட்டி வந்தான். மலையில் விளக்குகள் தெரிந்ததும் பேச்சை எடுத்தான்.

"சரி அண்ணி. வெளக்கு வெச்சிட்டா குடுக்கக் கூடாதுதான். அம்மா இருந்தப்ப இருந்து தெரியும். காலைல குடுங்க. பார்ட்டி வரும்போது நான் வந்து வாங்கிக்கறேன்."

நியாயமாகத்தான் பேசினான். சம்பிரதாயம் எனக்குக் கொடுத்தது ஒரு ராத்திரி மட்டும்தான். விடிந்தால் அந்தக் கதவு திறந்துவிடும். அதற்குமேல் விளக்கின் பின்னால் ஒளிய முடியாது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்புங்கள்.

காலையில் கொட்டகை வாசலில் அவன் நின்றிருந்தான். கூடவே பார்ட்டி, அளக்கிற டேப்போடு இரண்டு பேர். நான் திறந்த கதவு வழியாக வெயில் உள்ளே வந்து தறியில் ஓடும் பாவு நூலின்மேல் விழுந்திருந்தது. வேலைக்காரர்கள் தறிகளுக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொழுது விடிஞ்சிடுச்சி அண்ணி" என்றான் தேவராஜ். கையை நீட்டினான்.

"காலைலயும் குடுக்க மாட்டேன் தேவா."

"இன்னா அண்ணி, நேத்து வெளக்குன்னு சொன்னீங்க."

"நேத்து சொன்னது வெளக்குக்காக. இது எனக்காக. இந்தத் தறி எனக்குப் புடிச்சிருக்கு. எனக்குக் குடுக்க இஷ்டமில்ல."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பிழைப்புக்காக நடத்துகிறேன், அவர் ஞாபகத்துக்காக நடத்துகிறேன் என்று என்னென்னவோ சொல்லி வந்தேன். பிடித்திருக்கிறது என்பது போதுமான காரணம் என்று ஒரு பெண்பிள்ளைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பார்ட்டியில் பெரியவராக இருந்தவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். தேவராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. மலையைக் காட்டினான்.

"தணிகையில இருந்துகினு இவ்ளோ கோவம் ஆகாது அண்ணி."

வெகுநாளாகக் கிடைக்காத பதில் அப்போது வந்தது.

"சாமி ஜெயிச்சிட்டு வந்துதான் தேவா தணிஞ்சாரு. நான் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன். முதல் தறி ஓடியது. அடுத்தடுத்து எல்லாத் தறிகளும் ஓடின. அந்தச் சத்தத்தில் தேவராஜின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாகக் கையைக் காட்டினான். உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை மடக்கி விரித்தான். அப்புறம் எப்போ?

நானும் கையைத்தான் காட்டினேன். ஐந்து விரலையும் விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எப்பவும் கிடையாது. தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.